மல்லிநாதன் முகத்தில் தெரிந்தவர்கள்

பத்து நாள் தசலட்சண நோன்பு முடிந்து, கல்லேரிப்பட்டில் உள்ள நாற்பது சமண நயினார் வீட்டுக்காரர்களும் ஜினாலயத்து வாசலில் நின்று, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்காக ஒருவரையொருவர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்ட மறுநாள் விடியற்காலையில், ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளக்கிற மல்லிநாதனின் முகம் ஊராருக்குத் தெரியாமல் போயிற்று.

முதலில் வந்தவள் குப்பம்மாள். கேனை மேடையில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள், மல்லிநாதன் நிற்க வேண்டிய இடத்தில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கிணற்றில் விழுந்து செத்துப்போன தன் அக்காள் அளவுக் குவளையோடு நிற்பதைப் பார்த்தாள். அக்காளைப் பற்றித் தான் கட்டிவிட்ட ஒரு பொய்தான் அவளைக் கிணற்றுக்கு அனுப்பியது என்று குப்பம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் அலறவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "நான் சொன்னது பொய்க்கா" என்றாள். பாலில் தண்ணீர் கலந்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்த மல்லிநாதன், லாக்டோமீட்டரைப் பாலில் விட்டுப் பார்த்துவிட்டு, பால் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னான். முகம் அக்காளுடையதாகவும் குரல் மல்லிநாதனுடையதாகவும் இருந்தது.

வரிசையில் அடுத்து நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார், தான் அடித்ததில் ஒரு காது கேட்காமல் போன மாணவனைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற லாரி டிரைவர் கன்னியப்பன் ஒரு நாயைப் பார்த்தான். பூச்சிமருந்து அடிக்கப் போகிற ஒருவன் என்ன பார்த்தான் என்பதைச் சொல்லவே இல்லை. மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஏதோ நெளிந்துகொண்டிருந்தது என்று மட்டும் வெகுநாள் கழித்துச் சொன்னான். மல்லிநாதனின் தம்பி வந்து, செத்துப்போன தங்கள் அப்பாவைப் பார்த்து, கேனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

பால் வண்டி வந்து போவதற்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மல்லிநாதனைப் பார்க்கிறவர்களுக்கு, அந்த நேரத்தில் தங்கள் மனசில் எந்தப் பிழை அதிகமாகக் கனக்கிறதோ அந்தப் பிழைக்கு ஆளானவரின் முகம் தெரிகிறது. பிழை செய்தோம் என்று தாங்களே அறிந்திருந்தால்தான் தெரிகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் மல்லிநாதன் மல்லிநாதனாகத் தெரிந்தான். ஆறாம் வயதில் அதுவும் நின்றுபோகும் என்பதைச் சில தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டித் தெரிந்துகொண்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மழை வந்தால் குடை பிடிப்பது போல ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. சிலர் தரையைப் பார்த்தபடி வந்து தரையைப் பார்த்தபடி போனார்கள். பாலில் தண்ணீர் கலப்பது ஒரே வாரத்தில் நின்றது. தான் ஏமாற்றிய மனிதரே எதிரே நின்று அளக்கும்போது யாருக்கும் கை வரவில்லை. பிறகு சொசைட்டிக்காரர்கள் ஒரு சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு, மல்லிநாதனின் கை மட்டும் வெளியே வருகிற மாதிரி ஒரு ஓட்டை போட்டார்கள். கை எல்லோருக்கும் ஒரே கையாகத்தான் தெரிந்தது.

ஆனால் படுதாவுக்குப் பின்னால் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வர விரும்பியவர்களும் இருந்தார்கள். முதலில் குப்பம்மாள் போனாள். பிறகு வாத்தியார். பிறகு செய்யாறிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கோயில் கமிட்டி கூடிப் பேசி, ஜினாலயத்து வெளி மண்டபத்தில் ஒரு பெஞ்சு போட்டு, எதிரே ஒரு பாய் விரித்து, டோக்கன் அச்சடித்தது. விளக்கு ஏற்றினால் பூச்சிகள் வந்து விழுந்து சாகும் என்பதால் பொழுது சாய்வதற்கு ஒரு நாழிகை முன்பே பாயைச் சுருட்டிவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். கண்டக்டர்கள் ஊர்ப் பேரை விட்டுவிட்டு "மன்னிப்புக் கோயில் எல்லாம் எறங்கு" என்று கூவினார்கள். டீக்கடை ஒன்று வந்தது. வெங்காயம் பூண்டு சேர்க்காத இட்லிக் கடை ஒன்றும் வந்தது.

வந்தவர்கள் கேட்டது ஒன்றுதான். அம்மா முகத்தையும், கைவிட்ட காதலியின் முகத்தையும், விற்றுப்போட்ட கிழட்டு மாட்டின் முகத்தையும் பார்த்து, மன்னித்தேன் என்று ஒரு சொல் சொல்லும்படி கேட்டார்கள். மல்லிநாதன் கோயிலில் பூசை செய்கிற ஜினேந்திர உபாத்தியாயரிடம் போய், அப்படிச் சொல்லலாமா என்று கேட்டான். உபாத்தியாயர், மயிற்பீலியால் படியைக் கூட்டிக்கொண்டிருந்தவர், கூட்டுவதை நிறுத்தினார். அவருக்கு மல்லிநாதனைப் பார்த்தால் யாரோ ஒரு பெண் தெரிந்தாள் என்பதால் படியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கொடுக்காததை எடுக்கிறது களவு, மல்லிநாதா. மன்னிப்பு அவங்கவங்க பொருள். அதை நீ எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்தாலும் களவுதான். பொய்யும் கூட."

அன்றிலிருந்து மல்லிநாதன், வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கடைசிவரை கேட்டுவிட்டு, "கேட்டுக்கினேன்" என்று மட்டும் சொன்னான். அதற்கே சிலர் அழுதார்கள். சிலர் அது போதும் என்று எழுந்துபோய், செத்துப்போகாமல் இன்னும் உயிரோடு இருக்கிறவர்களைத் தேடி அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள்.

இப்படி ஐப்பசி போய்க் கார்த்திகை போய் மார்கழி போயிற்று. ஒரு நாளைக்கு எண்பது பேர் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்கள், ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் செத்துப்போன அக்காளிடமும் நாயிடமும் யாரும் அதைக் கேட்பதில்லை. அவனுக்குச் சளி பிடித்து இருமியபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் அண்ணன் இருமுவதாக எண்ணி மார்பில் அடித்துக்கொண்டார். பேர் சொல்லிக் கூப்பிட உபாத்தியாயரைத் தவிர ஆள் இல்லை. வீட்டில் பூசி மெழுகிய சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு கண்ணாடி மட்டும் அவன் முகத்தை அவனுக்குக் காட்டியது. அதில் தன் முகமே தெரிவதை, தான் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவன் என்பதற்குச் சாட்சியாக அவன் எடுத்துக்கொண்டான். நடக்கும்போது எறும்பைப் பார்த்து நடப்பவன். தண்ணீரை வடிகட்டாமல் குடிக்காதவன். மண்ணுக்குக் கீழே விளைகிற எதையும் தின்னாதவன், பொழுது சாய்ந்தபின் வாயில் ஒன்றும் போடாதவன்.

அந்தச் சாட்சியோடு சேர்த்து அவனுக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. தனக்குத் தீங்கு செய்தவர் யாராவது வந்தால் அவருக்கு மட்டும் தன் முகம் தெரியும். அப்படித் தீங்கு செய்தவள் ஒருத்தி உண்டு என்று அவன் இருபத்திரண்டு வருஷமாக எண்ணியிருந்தான்.

அவள் பெயர் யசோமதி, அவன் மனைவி. அவர்களுக்கு சுனந்தா என்று ஒரு பெண் குழந்தை. மூன்றரை வயதில், ஒரு மார்கழியில், மூளைக்காய்ச்சலில் போய்விட்டது. குழந்தை போன பதினாறாம் நாள் மல்லிநாதன் கோயிலுக்குப் போய், ஒரு வருஷம் பேசாமலிருப்பதாகவும் இல்லறத்திலிருந்து விலகியிருப்பதாகவும் விரதம் கேட்டான். அப்போது இருந்த பழைய உபாத்தியாயர், சம்சாரத்துக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, அவளிடம் கேட்காமலேயே தலையாட்டினான். விரதத்துக்கு முந்தி அவன் செய்த கடைசிக் காரியம் அந்தத் தலையாட்டல்தான். ஊர் அவனைக் கொண்டாடியது. வெளியூர் நயினார்களெல்லாம் வந்து கும்பிட்டுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். யசோமதி பொழுதுக்குள் சமைத்து, தண்ணீர் வடிகட்டி, பேசாத மனிதனுக்குச் சோறு போட்டாள். போடும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்டாள். அவன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டான். பதினோராம் மாதம் அவள் ஒரு பையோடு திண்டிவனத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள், ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள். விரதம் முடிந்து அவன் வாயைத் திறந்த அன்று வீட்டில் கேட்க ஆள் இல்லை. விரதத்தின் நடுவே விட்டுப்போனவள் தானே திரும்பி வரட்டும் என்று அவன் இருந்தான்; அவள் வரவில்லை.

மாசி மாதத்தில், நடுப்பகலில், நாற்பத்தொன்றாம் டோக்கனோடு அவள் வந்தாள்.

செருப்பைக் கழற்றுமுன் அதை இரண்டு தரம் தட்டுகிற பழக்கத்தை வைத்தே, முகத்தைப் பார்க்குமுன் மல்லிநாதன் அவளை அடையாளம் கண்டான். தலை பாதி நரைத்திருந்தது. அவன் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐந்து மாசத்தில் முதல்தரமாக ஒரு ஆள் தன்னைப் பார்க்கப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். யசோமதி பாயில் உட்கார்ந்து, கண்ணை உயர்த்தினாள். அந்தக் கண் அவன் முகத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. கழுத்துக்கு இறங்கி, மார்புக்கு இறங்கி, பெஞ்சில் ஒரு மூன்று வயதுக் குழந்தை உட்கார்ந்திருந்தால் அதன் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வந்து நின்றது.

"சட்டைய திருப்பிப் போட்டுக்கினு இருக்கியே, கண்ணு" என்றாள்.

அவள் குழந்தையிடம் மெதுவாக, அவசரமில்லாமல் பேசினாள். திண்டிவனத்து விடுதியில் நீ வளர்ந்திருந்தால் எப்படி இருப்பாயோ அப்படிப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் நான்தான் தட்டு வைக்கிறேன் என்று சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மூன்று நாளாக விழித்திருந்துவிட்டு அந்த நாலாம் நாள் மட்டும், அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதால் கண்ணயர்ந்துவிட்டதாகவும், எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்ததாகவும் சொன்னாள். அப்புறம், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து தினமும் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"தண்ணி கேட்டியா, கண்ணு? அம்மாவக் கூப்ட்டியா?"

'கேட்டுக்கினேன்' என்ற சொல் மல்லிநாதனின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள்.

"கேட்டா, யசோ" என்றான். "நான்தான் பேசறேன். தண்ணி கேட்டா. சங்குல ஊத்திக் கொடுத்தேன், குடிச்சா. அப்புறம் உன்ன ஒரு தரம் கூப்ட்டா. மூணு நாளா நீ கண்ணு மூடலயேன்னு நான் எழுப்பல. விடியறதுக்குள்ள போயிட்டா."

மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், நயினார் இவ்வளவு பேசி இதுவரை கேட்டதில்லை என்பதால் திரும்பிப் பார்த்தார்கள். யசோமதியின் கண் குழந்தையின் உயரத்தை விட்டு நகரவில்லை. குழந்தையின் வாயிலிருந்து புருஷனின் குரல் வருவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதச் சொல்றதுக்கு ஒரு வருஷம் வாயக் கட்டிக்கினீங்களா?"

சொல்லப் பயந்துதான் கட்டிக்கொண்டேன் என்று அவன் சொன்னான். எறும்பை மிதிக்காமல் நடக்கத் தெரிந்தவனுக்குப் பேசாமலிருந்தே ஒருத்தியை மிதிக்க முடியும் என்பது இப்போதுதான் தெரிகிறது என்று சொல்ல நினைத்து, அது அழகான பேச்சாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு, அதைச் சொல்லாமல் விட்டான். கையைக் கூப்பி, "என்ன மன்னிச்சிடு" என்றான். ஐந்து மாசமாக மற்றவர்கள் தன்னிடம் கேட்டதை அவன் வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.

யசோமதி எழுந்தாள். "உங்க மொகம் எனக்குத் தெரியல. கொரல் மட்டுந்தான் கேக்குது. உங்களுக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணல, அதான் தெரியல" என்றாள். செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டவள், திரும்பி நின்று, தாழ்ந்த குரலில் இன்னொன்றையும் சொன்னாள்.

"அவ போனதுக்கு நீங்க போயிருக்கலாம்."

அன்று மீதி டோக்கன்களையும் மல்லிநாதன் கேட்டு முடித்தான். பொழுதுக்குள் வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு கண்ணாடிக்கு எதிரே நின்றபோது அதில் யசோமதி இருந்தாள், இருபத்தெட்டு வயசில், கையில் சோற்றுக் கரண்டியோடு. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, துண்டால் அவள் முகத்து ஈரத்தைத் துடைத்தான். துடைத்தது தன் முகத்தையென்று கை மட்டும் அறிந்தது. அதற்குப் பிறகு அவன் கன்னத்தைத் தடவித் தடவித்தான் சவரம் செய்துகொண்டான். தன் முகம் எப்படி இருக்கிறது என்பதே அவனுக்கு மறந்துபோக ஆரம்பித்தது. உபாத்தியாயரிடம் நடந்ததைச் சொன்னான். கர்மம் தூசி மாதிரி உயிரில் ஒட்டுகிறது, உலுக்கினால் உதிராது, அனுபவித்துத்தான் உதிர்க்க வேண்டும் என்று உபாத்தியாயர் சொன்னார். சொல்லிவிட்டு, தான் ஒருத்தியைத் தேடி வேலூர்வரை போய்வர வேண்டியிருக்கிறது என்றும், இரண்டு நாள் பூசைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

பங்குனியில் யசோமதி மறுபடி வந்தாள். டோக்கன் எண் ஏழு. கையில் வாழையிலையில் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. பாயில் உட்கார்ந்து, உயரம் தெரிந்தவள் போலக் கண்ணை நேராகப் பெஞ்சின் விளிம்புக்கு மேலே கொண்டுபோனாள். அங்கே ஒன்றும் இல்லை போலிருந்தது. பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு கண் மெதுவாக ஏறி, மல்லிநாதனின் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"அவ எங்க?" என்றாள்.

ஆறு மாசத்தில் முதல்தரமாக ஒரு மனுஷியின் பார்வை மல்லிநாதன் மேல் விழுந்திருந்தது. வெயிலில் காய்ந்த நிலத்தில் தண்ணீர் இறங்குவது போல அது உள்ளே இறங்குவதை அவன் உணர்ந்தான்.

"என்னத் தெரியுதா?"

"தெரியுது."

"எப்படி இருக்கேன்?"

அவள் பார்த்துச் சொன்னாள். தலை முழுக்க நரைத்துவிட்டது என்றாள். இடது கன்னத்தில் சவரம் விட்டுப்போயிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது, மூக்கு உங்கள் அப்பா மூக்கு மாதிரி ஆகிவிட்டது என்றாள். சரியாகச் சாப்பிடுவதில்லையா என்றும் கேட்டாள். அவள் சொல்லச் சொல்ல அவன் கையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது ஒரு படி பால் பொங்குகிற நேரம் இருக்கும். வரிசையில் இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

பிறகுதான் அவள் முகத்தை அவன் பார்த்தான். போன மாதம் சொன்ன சொல் தன்னைத் தூங்கவிடவில்லை என்று அவள் சொன்னாள். சோறு வடிக்கும்போதும் தட்டு வைக்கும்போதும் அந்தச் சொல்லே காதில் விழுகிறது, ஒரு உயிரைப் பார்த்துப் போயிருக்கலாம் என்று சொல்ல நான் யார் என்றாள். குழந்தையைப் பார்க்க வந்தேன், நீங்கள் இருக்கிறீர்கள் என்றாள். மடியில் இருந்த பொட்டலத்தை அவள் இரண்டு கையாலும் மூடியிருந்தாள்.

அப்போது மல்லிநாதனுக்கு இரண்டு விஷயங்கள் விளங்கின. 'கேட்டுக்கினேன்' என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய்யாகாது, களவாகாது, யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவள் மனசில் அந்தக் கனம் அப்படியே இருக்கும். அடுத்த மாதமும் வருவாள், அதற்கடுத்த மாதமும் வருவாள், வரும்போதெல்லாம் அவனைப் பார்ப்பாள், சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். இது ஒன்று. எண்ணாயிரம் பேர் இந்தப் பாயில் உட்கார்ந்து கேட்ட மன்னிப்புகளில் ஒன்றுகூட அவனுடையதல்ல, இந்த ஒன்றுதான் அவனுக்கே சொந்தம், எடுத்துக் கொடுத்தால் களவாகாது. இது மற்றொன்று.

அவன் அவள் முகத்தையும், அவள் கண்ணுக்குள் சின்னதாகத் தெரிந்த நரைத்த தலையையும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டான்.

"மன்னிச்சிட்டேன், யசோ" என்றான்.

அவள் கண் நகரவில்லை. வாய் சொன்னது போதவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் கண்ணை மூடி, உள்ளே இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று தேடினான். விரதத்தின் நடுவே விட்டுப்போனாளே என்கிற ஒரு கோபம், இருபத்திரண்டு வருஷமாக மூலையில் கிடந்தது, அங்கே இருந்தது. அதற்குக் கீழே, இவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிற ஆசை இருந்தது. கோபத்தை விடுவது சுலபமாக இருந்தது. ஆசைக்கு நேரமாயிற்று. அதையும் விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

யசோமதியின் கண் அவன் நெற்றியிலிருந்து நழுவியது. மூக்குக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, ஒரு கணம் தயங்கி, மார்பைக் கடந்து கீழே இறங்கியது. பெஞ்சின் விளிம்புக்கு மேலே, அந்தப் பழைய உயரத்தில் வந்து நின்று, விரிந்தது.

"வந்துட்டியா" என்றாள்.

மல்லிநாதன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான், தான் அசைந்தால் குழந்தை அசையுமோ என்று. யசோமதி மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, வெல்லம் சேர்த்துப் பிடித்த பொரி உருண்டை ஒன்றை எடுத்து, சின்னக் கைக்கு எட்டுகிற மாதிரி முன்னால் நீட்டினாள். மல்லிநாதன் தன் கையை அந்த உயரத்துக்குத் தாழ்த்தி அதை வாங்கிக்கொண்டான்.